கழுத்துக்குள்ளே ஒரு விளக்கு

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற சாலையில் சுமார் 16 கிலோமீட்டர் போனால் மாகறல் என்ற ஊர் வரும். செய்யாற்றங்கரையில் உள்ள ஊர். ஊர்தான் சிறியது, பெருமை பெரியது. திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம் அது. பட்டுப் புடைவை எடுக்கக் காஞ்சிக்குப் போகும் சகோதரிகள், கடைத் தெருவை விட்டுக் கிளம்ப மனம் வந்தால், அந்தக் கோயிலையும் ஒரு முறை பார்த்துவிட்டு வரலாம்.

அங்கே சுவாமியின் திருமேனி மற்றக் கோயில்களில் உள்ளது போல் இராது. உடும்பின் வாலைப் போல் மெலிந்து காணப்படும். அதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். ஓர் அரசன் பொன் நிறமான உடும்பு ஒன்றைக் கண்டானாம். பிடிக்க ஆசைப்பட்டான். உடும்பு ஓடிப் போய்ப் புற்றுக்குள் புகுந்துகொண்டது. அரசனுடைய ஆட்கள் சும்மா இருப்பார்களா? உள்ளே என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று பாராமல் புற்றை வெட்டினார்கள். ஆயுதம் வாலில் பட்டு இரத்தம் பீறிட்டது. அரசன் மூர்ச்சை போட்டு விழுந்தான். உடும்பாக வந்தவர் இறைவனே என்று பிறகுதான் தெரிந்தது.

தலபுராணத்தின் தத்துவத்தைப் பெரியவர்களிடம் விட்டுவிடுவோம். நமக்கு அதில் ஒரு சின்ன விஷயம் போதும். இருட்டான துவாரத்துக்குள் ஆயுதத்தை விடுகிறவனுக்கு, அது எதன் மேல் படும் என்று தெரியாது. ஆஸ்பத்திரிகளிலும் சில காலம் அப்படி ஒரு காரியம் நடந்தது. கெட்ட எண்ணத்தால் அல்ல. உள்ளே பார்க்க வழி கைவசம் இல்லாததால். இன்று அந்த இருட்டுக்குள் ஒரு விளக்கும் ஒரு காமிராவும் போகின்றன. அது என்ன என்று ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவராவது தெரிந்துகொண்டிருப்பது நல்லது.

“கழுத்தில் துளையா!”

யாருக்கும் அப்படி நேர வேண்டாம், பேச்சுக்குச் சொல்கிறேன். மாகறலில் ஒரு குடும்பம். வீட்டுப் பிள்ளை மோட்டார் சைக்கிளில் போய் விழுந்து தலையில் அடிபட்டுவிட்டான். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நினைவு திரும்பவில்லை. வாய் வழியாக ஒரு குழாயை மூச்சுக்குழலுக்குள் இறக்கி, அதை வென்டிலேட்டர் என்ற சுவாச இயந்திரத்தோடு இணைத்திருக்கிறார்கள். ஒரு வாரம் ஆகிறது, பத்து நாள் ஆகிறது. அப்போது டாக்டர் வெளியே வந்து, “அம்மா, டிராக்கியாஸ்டமி செய்ய வேண்டியிருக்கிறது. இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள்” என்கிறார்.

அம்மாவுக்கு அந்தச் சொல் புரிவதில்லை. பக்கத்தில் நிற்கிற யாரோ, “கழுத்தில் ஓட்டை போடப் போகிறார்கள்” என்று மொழிபெயர்த்துச் சொல்கிறார். அவ்வளவுதான்! “ஐயோ, என் பிள்ளையின் கழுத்தை அறுக்கிறார்களா? இனிப் பேச மாட்டானா?” என்று அழுகை பீறிடுகிறது. அந்த அழுகையில் ஒன்று, “வேண்டவே வேண்டாம்” என்று மறுத்துவிடுகிறார்கள். அல்லது ஒன்றும் கேட்காமல் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். இரண்டும் சரியல்ல, சகோதரிகளே.

வாய் வழியாகப் போட்ட குழாய் சில நாளைக்குத்தான் நல்லது. நாள் ஆக ஆக அது குரல்வளையை அழுத்திப் புண்ணாக்கும். நோயாளிக்கு அது பெரிய இம்சை. அதைத் தாங்குவதற்காக மயக்க மருந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கழுத்தின் கீழ்ப்பகுதியில் சிறு துளையிட்டு, நேரே மூச்சுக்குழலுக்குள் ஒரு குட்டிக் குழாயை வைத்துவிட்டால் வாய் விடுதலை பெறும். மயக்க மருந்தைக் குறைக்கலாம். சளியை எளிதாக எடுக்கலாம். இயந்திரத்தின் உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிப் பார்க்கலாம். தேவை தீர்ந்ததும் பலருக்குக் குழாயை எடுத்துவிடுகிறார்கள். துளையும் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும்.

2016 டிசம்பரில் முன்னாள் முதலமைச்சர் மு. கருணாநிதிக்குச் சென்னை காவேரி ஆஸ்பத்திரியில் மூச்சு எளிதாவதற்காக இந்தச் சிகிச்சை நடந்தபோதுதான், தமிழ்நாட்டில் பல வீடுகளில் இந்தச் சொல்லையே முதல் முறையாகப் படித்தார்கள். அதற்கு வெகு காலம் முன்பே, 1961 மார்ச்சில், நடிகை எலிஸபெத் டெய்லருக்கு லண்டனில் கடும் நிமோனியா கண்டு, உயிர் பிழைப்பதற்காகக் கழுத்தில் துளை போட்டார்கள். அடுத்த மாதமே அவர் மேடையேறி ஆஸ்கார் பரிசு வாங்கினார்! கழுத்தில் அந்தத் தழும்பு தெரிந்தது. ஆகவே, கழுத்தில் துளை என்றதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம்.

மாணவர்கள் ஊதிய மூச்சு

இந்தச் சிகிச்சை நீண்ட நாள் சுவாச உதவிக்குப் பயன்படத் தொடங்கியதே ஒரு பெரிய கதை. 1952-ல் டென்மார்க் நாட்டின் தலைநகரான கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்து, முதல் சில வாரங்களில் இயந்திரத்தில் வைத்த 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். அப்போது மயக்க மருந்து நிபுணரான டாக்டர் பியோன் இப்சனைக் கூப்பிட்டார்கள். அவர் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைக்கச் செய்து, ஒரு ரப்பர் பையைக் கையால் அமுக்கி அமுக்கிக் காற்றைச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள். பிறகு என்ன? மருத்துவ மாணவர்கள் சுமார் 1,500 பேர் முறை வைத்துக்கொண்டு, இரவும் பகலும் நோயாளிகளின் படுக்கையருகே உட்கார்ந்து பையை அமுக்கினார்கள். சாவு எண்ணிக்கை மளமளவென்று குறைந்தது. இன்றைய ஐ.சி.யூ. அங்கே பிறந்தது என்று சொல்வார்கள்.

ஆனால் அந்தக் காலத்தில் துளையிடுவதற்கு ஆபரேஷன் தியேட்டருக்குத்தான் போக வேண்டும். அமெரிக்க டாக்டர் ஷெவாலியர் ஜாக்ஸன் 1909-ல் வகுத்த முறை அது. கத்தியால் தோலைக் கீறி, தசைகளை விலக்கி, மூச்சுக்குழலைக் கண்ணால் பார்த்துத் திறப்பது. இன்றும் அது நல்ல முறைதான். ஒரே சங்கடம், இயந்திரத்தோடும் பத்துக் குழாய்களோடும் கிடக்கிற நோயாளியை நடை நெடுக, லிப்ட்டில் ஏற்றி இறக்கிக் கொண்டுபோக வேண்டும். அந்தப் பயணமே அவருக்கு ஒரு கண்டம்.

1985-ல் பாஸ்குவாலே சாக்லியா என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் ஒரு புது வழி சொன்னார். சிறுநீரகத்துக்குக் குழாய் போட உபயோகிக்கும் சாமான்களைக் கொண்டே அவர் இதைச் செய்தார். படுக்கையிலேயே நோயாளி இருப்பார். கழுத்தில் ஓர் ஊசியைச் செலுத்துவது. ஊசி வழியே மெல்லிய கம்பியை விடுவது. கம்பியின் மேலே துளையைப் படிப்படியாக அகலப்படுத்துவது. பிறகு குழாயை வைப்பது. காது குத்திய பிறகு குச்சியைச் செருகித் துளையைப் பெரிதாக்குவோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி! பெரிய கீறல் இல்லை, தியேட்டர் பயணம் இல்லை.

ஆனால் ஒரு குறை. கீறித் திறக்காததால் உள்ளே பார்க்க முடியாது. ஊசி எங்கே போகிறது என்பதை விரலால் தடவித்தான் ஊகிக்க வேண்டும். புற்றுக் கதை ஞாபகம் வருகிறதல்லவா?

பின்சுவரில் பட்டால்?

உங்கள் தொண்டையைத் தொட்டுப் பாருங்கள். கடினமாகத் தட்டுப்படும் குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழல் ஓடுகிறது. கட்டை விரல் பருமன் இருக்கும். முன்பக்கத்தில் குதிரை லாடம் போல வளைந்த குருத்தெலும்பு வளையங்கள் 16 முதல் 20 வரை உண்டு. பின்பக்கத்தில் வளையம் கிடையாது, மெல்லிய சவ்வுதான். அந்தச் சவ்வை ஒட்டினாற் போல் உணவுக்குழல் இறங்குகிறது.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு உணவுக்குழலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அந்த ஊர் பெற்ற அறிஞர் அண்ணா 1969-ல் மறைந்தது உணவுக்குழலில் வந்த புற்றுநோயால்தான். காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் உள்ள அரசாங்கப் புற்றுநோய் ஆஸ்பத்திரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. முன்னால் மூச்சு, பின்னால் சோறு. இரண்டுக்கும் இடையே ஒரு மெல்லிய திரை. ஊசி கொஞ்சம் ஆழமாகப் போனால் அந்தத் திரையைக் கிழித்துக்கொண்டு உணவுக்குழலுக்குள் புகுந்துவிடும். கொஞ்சம் பக்கவாட்டில் போனால் மூச்சுக்குழலையே தவறவிடும். வாய் வழியாக ஏற்கெனவே போட்டிருக்கிற குழாயைக் குத்திவிடவும் கூடும். தேர்ந்த கைகளுக்கு இவை எப்போதோ ஒரு தடவைதான் நேரும். ஆனால் அந்த ஒரு தடவை யாருடைய பிள்ளைக்கு நேருகிறதோ, அவர்களுக்கு அது நூற்றுக்கு நூறு!

அதனால்தான் சில ஆண்டுகளுக்குள்ளேயே டாக்டர்கள், “உள்ளே பார்த்துக்கொண்டே செய்தால் என்ன?” என்று கேட்டார்கள். பார்க்கும் கருவி அதற்குள் தயாராக இருந்தது.

கண்ணாடி இழையில் ஓர் இந்தியர்

மூச்சுக்குழலுக்குள் எட்டிப் பார்க்கும் ஆசை பழையது. 1897-ல் ஜெர்மனியில் குஸ்தாவ் கில்லியன் என்ற டாக்டர், மூச்சுக்குழலில் எலும்புத் துண்டு சிக்கிய ஒரு விவசாயிக்கு நேரான உலோகக் குழாயைச் செலுத்தி அதை எடுத்தார். ஆனால் உலோகக் குழாய் வளையாதே! வளைந்து போகும் குழாய் வழியே ஒளியும் வளைந்து வர வேண்டும். அது எப்படி முடியும்?

முடியும் என்று காட்டியவர்களில் ஒருவர் நம் நாட்டவர். பஞ்சாபில் மோகா என்ற ஊரில் 1926-ல் பிறந்த நரிந்தர் சிங் கபானி. ஒளி நேர்கோட்டில்தான் போகும் என்று பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொன்னதை ஏற்க மனம் வரவில்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். லண்டனில் ஹாப்கின்ஸ் என்ற பேராசிரியரோடு சேர்ந்து, மெல்லிய கண்ணாடி இழைகளைக் கட்டாகக் கட்டி, வளைந்த கட்டின் வழியே படத்தை அனுப்பி, 1954-ல் அதைப் பிரசுரித்தார்.

இதிலுள்ள சூட்சுமம் தறி தெரிந்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும். பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் இருக்கின்றன. ஒரு முனையில் எந்த இழைக்குப் பக்கத்தில் எந்த இழை இருக்கிறதோ, மறுமுனையிலும் அதே வரிசையில் இருக்க வேண்டும். வரிசை மாறினால் புடைவையில் டிசைன் குலைந்துவிடும். கண்ணாடி இழையிலும் அப்படித்தான். வரிசை மாறாமல் இருந்தால் மறுமுனையில் படம் தெரியும். மாறினால் வெறும் புள்ளிகள்தான் தெரியும்.

இந்த இழைக் கட்டைக் கொண்டு ஜப்பானிய டாக்டர் ஷிகெட்டோ இகேதா மூச்சுக்குழலுக்குள் வளைந்து செல்லும் கருவியை 1966-ல் உலகுக்குக் காட்டினார். அதற்குப் பிராங்காஸ்கோப் என்று பெயர். இன்று வருகிற பல கருவிகளில் இழைக் கட்டுக்குப் பதிலாக நுனியிலேயே ஒரு குட்டிக் காமிரா இருக்கிறது. ஒரு தடவை உபயோகித்ததும் எறிந்துவிடும் தினுசும் வந்துவிட்டது. ஒருவர் கிருமி இன்னொருவருக்குத் தொற்றாது என்பது அதில் ஓர் அனுகூலம்.

படுக்கையருகே என்ன நடக்கிறது?

நோயாளிக்கு மயக்க மருந்தும், கழுத்தில் மரத்துப்போகும் ஊசியும் போடுகிறார்கள். இரண்டு டாக்டர்கள் வேண்டும். ஒருவர் கழுத்தருகே, மற்றவர் தலைமாட்டில். தலைமாட்டில் நிற்பவர் வாய்க் குழாயைச் சற்று மேலே இழுத்து வைத்துக்கொண்டு, அதன் வழியே காமிராவை இறக்குகிறார். பக்கத்தில் உள்ள திரையில் மூச்சுக்குழலின் உட்புறம் வளையம் வளையமாகத் தெரிகிறது.

காமிரா நுனியில் உள்ள விளக்கின் ஒளி சில சமயம் கழுத்துத் தோல் வழியே செக்கச் செவேலென்று வெளியே தெரியும்! உள்ளங்கையை விளக்கின் மேல் வைத்தால் விரலிடுக்கு சிவப்பாகத் தெரியுமே, அந்த மாதிரி. கழுத்தருகே நிற்பவர் விரலால் அமுக்கினால், திரையில் அந்த இடம் உள்ளே குழிகிறது. “இங்கேதான், நடு மத்தியில்” என்று சரிபார்த்த பிறகே ஊசி இறங்குகிறது. ஊசி நுனி உள்ளே எட்டிப் பார்ப்பதும், கம்பி கீழ்நோக்கி நுரையீரல் பக்கம் போவதும், பின்சுவரில் எதுவும் படாமல் இருப்பதும் திரையில் தெரிகின்றன. குழாய் வைத்த பிறகும் காமிராவை அதன் வழியே விட்டு, சரியான இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுகிறார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தால் அரை மணிக்குள் காரியம் முடிந்துவிடும்.

காமிரா வந்துவிட்டதால் அபாயமே இல்லை என்று நினைக்க வேண்டாம். மூச்சுப் போகிற குழாய்க்குள்ளேயே காமிராவும் போவதால், காற்றுக்கு இடம் குறைகிறது. உடம்பில் கரியமில வாயு சேரக்கூடும். தலையில் அடிபட்டவர்களுக்கு அது நல்லதல்ல. ஆகையால் இடையிடையே காமிராவை வெளியே எடுத்து மூச்சு விட வேண்டும். இன்னொன்று, காமிரா குழலின் உள்பக்கத்தைத்தான் பார்க்கும். தோலுக்கும் குழலுக்கும் நடுவே ஓடுகிற இரத்தக் குழாய் அதற்குத் தெரியாது. கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் வைத்துப் பார்க்கிற ஸ்கேன் கருவியைக் கழுத்தில் வைத்தால் அது தெரிந்துவிடும். சில ஆஸ்பத்திரிகளில் ஸ்கேனைக் கொண்டே செய்கிறார்கள். சில இடங்களில் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்கிறார்கள். சிறு குழந்தைகளுக்கும், கழுத்து அமைப்பு கடினமாக உள்ளவர்களுக்கும், இரத்தம் உறையாத கோளாறு உள்ளவர்களுக்கும் தியேட்டரில் திறந்து செய்வதே மேல் என்று டாக்டர் சொல்லலாம். அது பின்வாங்குவதல்ல, விவேகம்.

கையெழுத்துப் போடும் முன்

இந்த நாலு கேள்விகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பணிவாகக் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் பதில் சொல்வார்.

ஒன்று: “இன்றே செய்ய வேண்டுமா, சில நாள் பார்க்கலாமா?” பிரிட்டனில் 909 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஓர் ஆராய்ச்சி 2013-ல் வெளியாயிற்று. ஒரு பாதிப் பேருக்கு நாலு நாளைக்குள்ளே துளையிட்டார்கள். மறுபாதிப் பேருக்குப் பத்து நாள் கழித்து, அவசியமிருந்தால் மட்டும் என்று வைத்தார்கள். உயிர் பிழைத்தவர் கணக்கில் இரு பாலாருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. காத்திருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் துளையிடவே நேரவில்லை! ஒவ்வொரு நோயாளிக்கும் காரணம் வேறுபடும். ஆனால், அவசரம் இல்லாத இடத்தில் கேட்டுத் தெளிய நேரம் உண்டு.

இரண்டு: “படுக்கையிலா, தியேட்டரிலா? காமிராவோ ஸ்கேனோ வைத்துக்கொண்டு செய்வீர்களா? தலைமாட்டில் அனுபவமுள்ள ஒருவர் நிற்பாரா?”

மூன்று: “மூச்சில் வரும் கரியமில வாயுவை அளந்து காட்டும் கருவி மாட்டியிருக்கிறதா?” பிரிட்டனில் 2011-ல் வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பு, ஐ.சி.யூ. விபத்துகளை அலசிப் பார்த்தது. வைத்த குழாய் பிறகு இடம் பெயர்ந்ததும், இந்தக் கருவி மாட்டாததால் அது உடனே தெரியாமல் போனதும் பல விபரீதங்களுக்குக் காரணமாக இருந்தன.

நாலு: “பேச்சு எப்போது வரும்? சாப்பாடு எப்போது? குழாயை எப்போது எடுப்பீர்கள்?”

பிறகு நம் முறை

துளையின் வழி நன்றாக அமைய ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதற்குள் குழாய் கழன்றால் துளை மூடிக்கொள்ளலாம். ஆகையால் பார்க்கப் போகிறவர்கள் ஆசையாகக் கட்டிக்கொள்வதும், தாங்களாகவே நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பதும் கூடாது. குழாய் நகர்ந்தது போல் தோன்றினால் தொடாமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

குழாய் உள்ளவர் வாயசைத்தால் சத்தம் வராது. காற்று குரல்நாண்களைத் தொடாமல் கழுத்து வழியே போய்விடுவதுதான் காரணம். குரல் எங்கும் போய்விடவில்லை. தேறி வரும்போது, டாக்டர் தகுதி பார்த்து, குழாயின் வாயில் ஒரு சிறு மூடியைப் பொருத்திப் பலரைப் பேச வைப்பதுண்டு. அதுவரையில் ஒரு சிலேட்டும் பலப்பமும், அல்லது அ, ஆ எழுதிய அட்டையும் போதும். முக்கியமாக, அவரால் பேச முடியாததால் காதும் கேட்காது என்று நினைத்து, படுக்கையருகே நின்று பணச் செலவையும் பயத்தையும் பேசாதீர்கள். எல்லாம் அவர் காதில் விழும்.

குழாயோடு வீட்டுக்கு அனுப்பினால், சளி எடுப்பது, உள் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்வது இரண்டையும் ஆஸ்பத்திரியிலேயே, நர்ஸ் பார்த்திருக்க, உங்கள் கையால் செய்து பழகிக்கொள்ளுங்கள். வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்காவது அது தெரிந்திருக்க வேண்டும். மாற்றுக் குழாய் ஒன்று தலைமாட்டிலேயே இருக்கட்டும். மூச்சுத் திணறினால் 108-க்குப் போன் செய்யத் தயங்காதீர்கள்.

துளையில் தண்ணீர் போகக் கூடாது. செய்யாற்றில் வெள்ளம் புரண்டு வந்தாலும், கோயில் குளம் கூப்பிட்டாலும், முங்கிக் குளிப்பதை ஒத்திப் போடுங்கள். தலைக்கு ஊற்றிவிட்டுச் சாம்பிராணிப் புகை போடுவது, முகத்துக்குப் பவுடர் பூசுவது, திருஷ்டி கழியட்டும் என்று விபூதியை ஊதுவது, இவை எல்லாம் அந்தத் துளை வழியே நேரே நுரையீரலுக்குப் போகும். விபூதியை நெற்றியில் மெள்ள இட்டாலே போதும். சுவாமி ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மாகறல் கோயிலுக்கு நோய் தீர வேண்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. நன்றாக வேண்டிக்கொள்ளட்டும். வேண்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும், மேலே சொன்ன நாலு கேள்விகளையும் டாக்டரிடம் கேட்கட்டும். பதில்களைக் கேட்ட பிறகு போடுகிற கையெழுத்து நடுங்காது.